பிழியாத தேங்காய்

மார்ச் 11. இன்று வாய் தவறிவிட்டது. மாலை வகுப்பு முடிந்து பசியோடு வந்தவன், யோசிக்காமல் பேசிவிட்டேன்.

“அண்ணி, தினமும் பால் பிழிஞ்ச சக்கையைத்தானே குழம்புக்கு அரைப்பீங்க? இன்னைக்கு என்ன ராஜ விருந்து?”

“ஏன், நல்லா இல்லையா?”

“இன்னைக்குத்தான் குழம்பு மாதிரி இருக்கு. இன்னொரு கரண்டி ஊத்துங்க.”

ஊற்றினார்.

“பால் பிழியல தம்பி. தேங்காயை அப்படியே அரைச்சுட்டேன்.”

“ஏன்?”

“உங்க அண்ணனுக்கு இனிமே அந்தப் பாலும் தொண்டையில இறங்காதாம். டாக்டர் வந்து பாத்துட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னுட்டாரு.”

தட்டில் இருந்ததைச் சாப்பிடுவதா, வைப்பதா என்று தெரியவில்லை. சாப்பிட்டேன்.

நாளை காலை முதல் வேலை: அக்காவுக்குப் போன் செய்து, உடனே கிளம்பி வரச் சொல்ல வேண்டும்.