சம்பந்திகளின் ஏவுகணைச் சோதனை

எல்லோரும் சௌக்கியந்தானே? பாலிஸ்டிக் ஏவுகணையை வானிலேயே மறித்து அடிக்கும் இரண்டு அமைப்புகளை ஒப்பிட அன்று சோதனை நடந்தது. முந்தி அடிப்பதைத்தான் ராணுவம் வாங்கும்; அதைத் தீர்மானிக்க ஆறு பேர் கொண்ட தேர்வுக் குழுவும் வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றைக் கட்டியவர் பெருந்தேவன். மற்றதைக் கட்டியவர், போன தையில் அவர் பெண்ணை மருமகளாக்கிக்கொண்ட தணிகாசலம். இலக்கு ஏவுகணை உச்சிக்குப் போய், எல்லோரும் இருந்த பக்கமாகவே கீழே திரும்பியது.

“சம்பந்தி, நீங்க முதல்ல,” என்றார் பெருந்தேவன். “நான் முந்திக்கிட்டா எம்பொண்ணு உங்க வீட்டுல எப்படி வாழும்?”

“கல்யாணப் பந்தியில நாங்க முதல்ல உக்காந்ததையே உங்க வீட்டம்மா இன்னும் சொல்லிக்காட்றாங்க. நீங்களே அடிங்க,” என்றார் தணிகாசலம்.

“இருபது செகண்டுதான் சார் இருக்கு,” என்றாள் ரேடார் பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி.

“அவருகிட்ட சொல்லும்மா,” என்றார்கள் இருவரும்.

தேர்வுக் குழுவினர் ஆறு பேரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார்கள்.