பெண் பார்க்கப் போன செல்போன்

"அந்தப் போனை மட்டும் வெளிய கொண்டுபோயிருங்க சம்பந்தி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சொன்னவர் பெண்ணின் அப்பா, பட்டாசு வியாபாரி நாகையா. தாயில்பட்டியில் அவர் வீட்டுக் கூடத்தில் அப்போது இருந்தவர்கள்: நாகையா, அவர் மனைவி வெள்ளைத்தாய், மகள் ரோஜா, விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த கண்ணுச்சாமி, அவர் மனைவி லட்சுமிகாந்தம், மகன் முனியராஜ். வேறு யாரும் இல்லை.

கண்ணுச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது. விருதுநகர் பஜாரில் முதன்முதலாகச் செல்போன் கடை திறந்தவர் அவர். ஜாதகமெல்லாம் பொருந்தி வந்த சந்தோஷத்தில், மருமகளுக்கென்று கேமரா வைத்த புதுப்போனைப் பழத்தட்டில் வைத்து நீட்டியிருந்தார்.

"ஏன், போனுக்கு என்ன?"

"பேப்பர் பாக்கலையா? செல்போன் பேட்டரி சூடேறி வெடிக்குதாம். கம்பெனிக்காரனே கோடிக்கணக்குல மாத்திக் குடுக்கானாம். டிவியிலயும் சொன்னான்."

"அது வேற கம்பெனி, வேற பேட்டரி. சேதியை முழுசாப் படிங்க."

"இருக்கட்டும். எங்க வெடியெல்லாம் திரியைப் பத்தவச்சாத்தான் வெடிக்கும். அதுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இது சட்டைப்பையில சும்மா கிடக்கையிலேயே வெடிக்குதாமே!"

தரைவரை விரிப்பு தொங்கிய நீள இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லட்சுமிகாந்தம் கணவரின் தொடையைக் கிள்ளினாள். முனியராஜ் ரோஜாவைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண் கிடைக்காவிட்டால் அவன் அப்பாவோடு பேச்சையே நிறுத்திவிடுவான் என்பது தெரிந்தது. ஆனாலும் கண்ணுச்சாமி விடுவதாக இல்லை. கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துப் போனால், நாளைக்குக் கடைப்படி எவன் ஏறுவான்? குடும்பத்துக்கே இழுக்கு.

"ஏலே முனியா, சார்ஜரை எடு. இங்கனயே போட்டுப் பாத்துருவோம். வெடிச்சா இந்தச் சம்பந்தமே வேண்டாம். வெடிக்கலைன்னா இவுக வாயை மூடிட்டு வாங்கிக்கிடணும்."

"இங்கனயா!" வெள்ளைத்தாய் பதறிப்போனாள். "அண்ணாச்சி, தெருவுல வச்சுப் பாக்கலாமே?"

"தெருவுல பிளக் பாயிண்டு யாரு வச்சிருக்கா?"

சார்ஜர் செருகப்பட்டது. நாகையா மணல் வாளியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார். ரோஜா நிறைகுடத்தோடு நின்றாள். வெள்ளைத்தாய் மாரியாத்தாளை விட்டுவிட்டுக் காளியாத்தாளைக் கூப்பிட ஆரம்பித்தாள். போனில் பேட்டரிக் கோடு ஒவ்வொன்றாக ஏற ஏற, நாகையாவின் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

"பட்டாசு ஊர்க்காரருக்கு நெஞ்சு இம்புட்டுத்தானா?" கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார் கண்ணுச்சாமி.

நாகையா மணல் வாளியை விருந்தாளிகளின் காலடிக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினார்.

கடைசியில், பேட்டரி நிறைந்துவிட்டதென்று போன் ஒருமுறை கீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கே ரோஜா குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்ன சம்பந்தி, வெடிச்சுச்சா?"

"இல்ல சம்பந்தி. மன்னிச்சுக்கிடுங்க." நாகையா இரண்டு கையாலும் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முனியராஜ் முதன்முதலாகச் சிரித்தான்.

போன் வெடித்ததால்தான் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது என்று தாயில்பட்டியில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

சுத்தப் பொய். போன் வெடிக்கவே இல்லை. கண்ணுச்சாமி எழுந்தபோது இருக்கையின் விரிப்பும் கூடவே சரிய, குடோனில் இடம் போதாமல் நாகையா வீட்டில் அடுக்கிவைத்திருந்த அணுகுண்டு வெடிப் பெட்டிகளின் மேல்தான் தம் குடும்பமே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்பதை அவர் பார்த்துவிட்டார்.