குகைக்குள் காணாமல் போனவன்

குகைக்குள் போனவனை ஐந்து நிமிடமாகக் காணவில்லை. எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுலதான் நிக்கிறான். யாருக்காவது தெரியுதா?" என்று கேட்டார் டீம் லீடர்.

ஒருவருக்கும் தெரியவில்லை. வீடியோ கேமின் நாயகனே திரையில் தெரியாவிட்டால் அதை யார் விளையாடுவார்கள்?

லீடர் ஒரு பட்டனைத் தட்டிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினார். ஆளின் நீலச் சட்டையும் குகையின் பழுப்புப் பாறையும் ஒரே கறுப்பில் கரைந்துபோயின.

"ஒண்ணு இருட்டா இருந்தா இன்னொண்ணு வெளுப்பா இருக்கணும். ஆளா, குகையான்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அஞ்சு மணிக்கு கேமை வெளியிடுற கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலன்னா நம்ம ரெண்டு வருஷ உழைப்பு பரணுக்குத்தான்."

பேசி முடிவு பண்ணுவதாம்! ஆளை வரைந்தவள் மனைவி. குகையை வரைந்தவன் கணவன். இதே விஷயத்துக்காக நாலு நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலையில்கூட ஒரே பஸ்ஸில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத்தான் வந்து இறங்கினார்கள்.

"குகைன்னா இருட்டாத்தான் சார் இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் அவன்.

"குகையில புதையல் திருடப் போறவன் வெள்ளச் சட்டையா சார் போட்டுட்டுப் போவான்?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள் அவள்.

மணி மூன்று. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கும் சாக்கில் மூன்று தடவை அவன் மேஜைப் பக்கம் போனாள். திரையின் வெளிச்சம் முகத்தில் பளீரென்று அடிக்க, தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தான். அவள் நெருங்கியதும் சட்டென்று திரையை அணைத்தான்.

எவ்வளவு அழுத்தம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. அந்தப் பாறை வெடிப்புகளுக்காக மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தவன். சட்டை போனால் போகட்டும். அவன் இன்னும் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவளால் தாங்க முடியாது.

நாலரைக்குள் ஆளின் முகம், முடி, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் பால் வெளுப்பாக்கினாள். தன்னிடமிருந்த பழைய குகைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். விளக்கேற்றியதுபோல் ஆள் பளிச்சென்று தெரிந்தான். யாரிடமும் மூச்சு விடாமல் லீடருக்கு அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணி. கம்பெனிக்காரர்கள் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லாருடைய படங்களையும் கடைசி நிமிடத்தில் அவசர அவசரமாகக் கோத்து முடித்திருந்த லீடர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேமை ஓடவிட்டார்.

திரை முழுக்க ஒரே வெளுப்பு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும் இமைத்தன.

"புரொஜெக்டர்ல ஏதாவது கோளாறா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் கணவன் எழுந்து நின்றிருந்தான். நாலு நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உன் ஆள் தெரியட்டும்னு நான் குகைய வெளுத்துட்டேன்டி!"