துரத்திப் பிடித்தால் கல்யாணம்

“மிதிம்மா பெர்மெத்! விட்டுடாத!” ஜீப்பிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார் அப்பா சாதிர்பெக்.

பெர்மெத் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். அக்பைதல் கணவாயின் உச்சிக்கு இன்னும் இரண்டே வளைவுகள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. மூச்சு போதவில்லை.

பின்னால் எலமான் துரத்தி வந்தான். அவள் உச்சியை எட்டுவதற்குள் பிடித்தால் கல்யாணம். தவறினால் ஊர் முன்னால் அவள் கையால் சாட்டையடி, பெண்ணும் கிடையாது. வழக்கமாகக் குதிரையில் நடக்கிற பந்தயம்தான். இருவருமே பயணிகளைச் சைக்கிளில் மலை தாண்டக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் என்பதால், அப்பா சைக்கிளுக்கு மாற்றிவிட்டார். இந்த ஏற்றத்தில் அவளை இதுவரை எவனும் முந்தியதில்லை என்ற தைரியம் அவருக்கு.

“வேகத்தைக் குறைச்சே, பந்தயம் செல்லாது, சொல்லிட்டேன்!”

“யாருப்பா குறைக்கிறா?” எழுந்து நின்று மிதித்தாள் பெர்மெத்.

“கொஞ்சம் இரக்கம் காட்டு தாயே! என் முதுகு சாட்டைக்குத் தாங்காது!” பின்னாலிருந்து எலமான் அலறினான்.

உச்சிக்குப் பத்தடி இருக்கையில் அவன் கை அவள் தோளைத் தொட்டது.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அவளுடைய சைக்கிளை ஜீப்பில் ஏற்றத் தூக்கினார், அசையவில்லை. அதன் பக்கவாட்டில் தொங்கிய பையைத் திறந்தார். உள்ளே முழுக்கக் கருங்கற்கள்.

மகளைப் பார்த்தார்.

“முழு மூச்சாத்தானேப்பா மிதிச்சேன்?” என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

சற்றுத் தள்ளி எலமான் தொப்பியை வானில் வீசி ஆடிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரமாகப் பையை மூடினார்.

“அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. பாவம், தானே ஜெயிச்சதா நினைச்சுட்டிருக்கான்.”