பதினேழாவது கேபிள்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெட்வொர்க் போய்விட்டது. வார்டில் டாக்டர்கள் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் மெஹருன்னிசா, பெயர் எழுதாத நாற்பது கேபிள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். நேர் மேலே, பரிசோதனைக் கூடத்துக் கேபிளின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் தங்கதுரை. கூட வேலை செய்பவன்தான். ஆனால் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. பதினேழாவது கேபிள் பதிலுக்கு அவள் கையை இழுத்தது. அவள் இரண்டு முறை இழுத்தாள். அதுவும் இரண்டு முறை இழுத்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேபிளை நெட்வொர்க் சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றிச் செருகினாள். பச்சை விளக்கு மினுங்கியது.

“வந்திருச்சு மெஹர்!” என்று கேபிள்கள் இறங்கும் குழாய்த் துளை வழியே தங்கதுரையின் குரல் இறங்கியது.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் கேபிள் மறுபடி மெல்ல அசைந்தது.