திறக்காத தோகை

திறந்தால் பொம்மை எழுந்து நிற்கும் புத்தகங்களைச் சேர்ப்பவள் ரஞ்சிதம். அவளுடைய கண்ணாடி அலமாரியில், ஒரு புத்தகத்துக்குள் காகித மயில் மடிந்து கிடந்தது. கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை.

ஒருநாள் பக்கத்தில் ஒரு பழைய புத்தகம் வந்து சேர்ந்தது. அதற்குள் ஒரு காகித முதலை; திறந்து திறந்து கிழிந்ததில் வாயெல்லாம் ஒட்டு.

"என் மேல ஒரு கீறல்கூடக் கிடையாது, தெரியுமா?" என்றது மயில்.

"சரி, உன் தோகை என்ன நிறம்?" என்று கேட்டது முதலை.

மயிலுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரஞ்சிதம் முதலையைத் திறந்தாள். அது ஆவென்று வாயைப் பிளந்ததும் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் மயிலையும் கையில் எடுத்தாள்.

"ஐயோ, கிழிஞ்சுட்டா?" என்று பதறியது மயில்.

"கோந்து இருக்கு. பயப்படாதே" என்றது முதலை.

தோகை விரிந்தது. ஓரத்தில் ஓர் இறகு சர்ரென்று கிழிந்தது.

"அடேயப்பா, இவ்வளவு நீலமா நான்!" என்றது மயில். "இன்னொரு தடவை திறக்கச் சொல்லு!"