முப்பது நாள் விசா

"மூணு நாள் கண்காட்சிக்கு முப்பது நாள் விசா எதுக்கு?" என்றார் தூதரக அதிகாரி.

கூட்டிக் கேட்டால்தானே பாதியாவது தேறும்? மசாலா வியாபாரி சிக்கந்தர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இருபது கொடுங்க."

அதிகாரி முறைத்தார்.

"பதினஞ்சு. இதான் கடைசி."

பாஸ்போர்ட் திரும்பி வந்தது, விசா வரவில்லை.

வாசலில் காத்திருந்த மகள் ஷாஹிராவிடம் வெடித்தார். "வெள்ளிக்கிழமை கண்காட்சியில ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலேன்னா ஏஜென்சி எதிர்க்கடைக்காரனுக்குப் போயிடும்! இவனுக்கெல்லாம் வியாபாரம் என்ன தெரியும்?"

"அத்தா, இது பேரம் பேசற பாசார் இல்லலா. மூணு நாளே கேளுங்கன்னு சொன்னேன்ல?"

"மூணு கேட்டா ஒண்ணுதான் கொடுப்பான். வாய மூடு!"

ஷாஹிரா வாயை மூடிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டில் விசா பளிச்சென்று ஒட்டியிருந்தது.

"வரியைக் குறைக்க என்னையும் கடையில பார்ட்னரா போட்டீங்கல்ல? எதுக்கும் இருக்கட்டும்னு போன வாரமே வந்து மூணு நாள் கேட்டேன். நான் போய்க் கையெழுத்துப் போடறேன்."

"எத்தனை நாள் கொடுத்தான்?"

"ஒரு வருஷம்."

சிக்கந்தரின் முகம் இன்னும் சிவந்தது.

"அறிவிருக்கா உனக்கு? முப்பது கேட்டிருந்தா பத்து வருஷம் கொடுத்திருப்பானே!"